டேப்பில் தங்கிய குரல்

என் அக்கா சாந்தகுமாரியைப் போல ஒரு வாயாடி திருநெல்வேலி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். டெல்லிக்கு வந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட உட்கார்ந்தாள்; அந்த வாய்க்கு ஏற்ற வேலை. பிறகு எஸ்.டி.டி. வந்தது. ஜனங்கள் தாங்களே எண்ணைச் சுழற்றி ஊருக்குப் பேச ஆரம்பித்ததும் அக்காவை ஃபைல் மேசைக்குத் தள்ளினார்கள். குரலை மட்டும் விடவில்லை. எல்லா லைன்களும் பிஸி என்று ஹிந்தியில் சொல்லவைத்து டேப்பில் பிடித்துக்கொண்டார்கள்.

போன வருஷம் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போய்விட்டது. உயிர் பிழைத்தாளே, அது போதும் என்று நான் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அத்தான் நல்லசிவத்துக்கு அது போதவில்லை. டெல்லியில் அவர்களோடு நான் தங்கியிருந்த மோதி பாக் வீட்டில், டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று இலவசமாக விட்டுவைத்த பழைய லேண்ட்லைன் இருந்தது. அந்த டேப் இன்னும் ஓடுகிற ஏதோ ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். காபி குடித்ததும் உட்கார்ந்துவிடுவார். முதலில் கேட்க மட்டும் செய்தார், அப்புறம் பேசவும் ஆரம்பித்தார். அக்கா சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நிற்பாள், நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உசுரோட இருக்கவ இங்கன நிக்கா. நீங்க யார்ட்ட பேசுதீய அத்தான்?"

"சாந்தாட்டதான்," என்றார்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்து வந்து அவர் கண்ணெதிரிலேயே ஒயரை வெட்டினாள். புருஷனைத் திருப்பி வாங்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. என்னைப் பார், என்னோடு இரு என்று கையால் கெஞ்சினாள். அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "அச்சா, அச்சா," என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, அதை வெடுக்கென்று பிடுங்கி என் காதில் வைத்தேன். அக்காவேதான். கல்யாணமான புதிதில் அவளுக்கு இருந்த குரல். ஹிந்தி இல்லை, எங்கள் ஊர்த் தமிழ்.

"அவ இன்னுமா இருக்கா?"

அக்கா என் முகத்தையே பார்த்தாள். என்ன கேட்கிறது என்று விரலால் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. லைன் செத்துப்போச்சு," என்றேன்.

அத்தான் ரிசீவரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இருக்கா, இருக்கா," என்று அதற்கு அலுப்போடு பதில் சொன்னார்.

அக்காவுக்குக் குரல்தான் போயிற்று. காது நன்றாகவே கேட்கும்.