கன்னத்தில் திருநீறு

தோழிகளே, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நான் பவுடர் பூசியது தெரிந்தால் அப்பா என் படிப்பையே நிறுத்திவிடுவார்.

கன்னத்துப் பருவை மறைக்க இன்று அண்ணியின் பவுடரை அள்ளிப் பூசினேன். வாசலிலேயே அப்பா பார்த்துவிட்டார்.

“ஏங்கண்ணு, திருநீறைக் கன்னத்துல பூசியிருக்கே?”

“கோயில் திருநீறுங்கப்பா. வேர்வையில நெத்தியிலிருந்து வழிஞ்சிருச்சுங்க.”

“என்ன வாசம்! எனக்கும் கொஞ்சம் குடு அம்மணி.”

ஓடிப்போய் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி வந்தேன். நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்.

பரு மறைந்ததா என்கிறீர்களா? பருவை யார் பார்த்தார்கள்? எல்லோரும் பவுடரைத்தான் பார்த்தார்கள்.

இப்போது அப்பா சந்தையிலிருந்து திரும்பிவிட்டார். கூடத்தில் அண்ணனின் குரல் கேட்கிறது.

“ஏனுங்கப்பா, உங்க நெத்தியில எங்கூட்டுக்காரி பவுடர் வாசம் அடிக்குதுங்களே?”

ஐயோ, என் கதவைத் தட்டுகிறா—