நீலம் மாம்பழமும் நயினாரின் தகர டப்பாவும்

ஆடி முதல் நாள் மத்தியானம். எங்கள் வீட்டில் தலை ஆடி விருந்து. புது மாப்பிள்ளை, பக்கத்தில் அவருடைய அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா. வடை பாயசம் எல்லாம் ஆகிவிட்டது. கடைசியாக எங்கள் தோட்டத்து நீலம் மாம்பழம். இருந்ததிலேயே பெரிய பழத்தைப் பத்து நாளாக வைக்கோலில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதை நானே எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க நானே அறுத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு வண்டு வந்தது.

பறந்து தொலைத்திருந்தாலும் பரவாயில்லை. அது நடந்து வந்தது... கறுப்பாக, சாவகாசமாக, தட்டின் விளிம்பு வரை. அங்கே சம்பந்தியம்மாவுக்கு நேராக நின்றது.

"பரவால்லைங்க. நாங்க ஆரணியில கடையிலயே வாங்கிக்கிறோம்" என்றார் சம்பந்தியம்மா.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். என் மகள் வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகிறது. அந்த வீட்டில் யார் யாரிடம் இந்த வண்டுக் கதை போய்ச் சேருமோ என்று அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தப்பு என் வாய்மேல். நிச்சயதார்த்தத்தன்று, "மாம்பழத்துக்கு நீங்க எங்கயும் போக வேணாம். எல்லா மரமும் கடையைக் கட்டின பிறகுதான் எங்க வீட்டு நீலம் பழுக்கும். வருஷா வருஷம் கூடை வந்துடும்" என்று சபையில் சொல்லி வைத்தவன் நான். ஆடி முடிந்து மகளைக் கொண்டுபோய் விடும்போது கூடை போயாக வேண்டும். மரத்தில் இன்னும் முப்பது பழம் தொங்குகிறது. அனுப்பினால் வண்டு. அனுப்பாவிட்டால்... "சொன்னாங்களே, எங்க?" என்ற கேள்வி. இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, வசந்திதான் சொல்ல வேண்டும்.

நீலம் மாம்பழத்தில் வண்டு இருக்கும் என்பது ஊர் அறிந்த விஷயம்தானே என்பீர்கள். அது கடைப் பழத்தில், சார்! ஒட்டுச்செடியாக வாங்கி வந்து, குளித்த தண்ணீரை ஊற்றி, மலையிலிருந்து இறங்கும் குரங்குகளோடு மல்லுக்கட்டி வளர்த்த மரத்தில் எப்படி இருக்கலாம்? காய்க்க ஆரம்பித்து நாலு வருஷம். முதல் வருஷம் ஒன்றோ இரண்டோ பார்த்த ஞாபகம். இந்த வருஷம் அறுத்த பழத்திலெல்லாம் இருக்கிறது. இதை இயற்கை என்று விட்டுவிட முடியுமா?

அந்தப் பழத்தோலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை. கதவே இல்லாத வீட்டுக்குள் ஆள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நான் பால்காரர் சொம்பைக் கவிழ்க்கும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற ஆள். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தாலே டிக்கெட்டை இன்னொரு முறை படித்துப் பார்ப்பேன். சும்மா இருப்பேனா?

முதல் சந்தேகம் செடி விற்றவர்மேல். கீழ்பென்னாத்தூர் பக்கம் போய் அவரைப் பிடித்தேன். "செடி குடுக்கும்போது வண்டு குடுக்கலைங்களே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர்மேலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சாட்சி இல்லை.

விவசாய விஷயம் தெரிந்த ஒரு நண்பரிடம் போனேன். அவர்தான் விளக்கினார். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே வண்டு தோலில் கீறி முட்டை வைத்துவிடுமாம். காய் வளர வளரக் கீறல் தூர்ந்துபோகும். புழு கொட்டைக்குள் போய்க் குடித்தனம் நடத்தி, வண்டாகி, பழம் கனிந்ததும் வெளியே வருமாம்.

"வந்து எங்க போகும்?"

"எங்கயும் போகாது. மரத்துப் பட்டை இடுக்குல ஒளிஞ்சிக்கும். அடுத்த வருஷம் பிஞ்சு விட்டதும் மறுபடி ஆரம்பிக்கும். அதனாலதான் கொட்டையைக் கண்ட எடத்துல போடக் கூடாதுங்கறது. எல்லாத்தையும் எரிச்சிடணும்."

எனக்குப் பளிச்சென்று விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டுக் கொட்டைகள் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகின்றன. ஒன்றுகூடத் தப்பியதில்லை. அப்படியானால் வண்டு தப்புவது வேறு வீட்டிலிருந்து. என் பழம் போகிற வேறு வீடு ஒன்றே ஒன்றுதான்... காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், தரணேந்திர நயினார் வீடு.

நயினார் கணக்கு வாத்தியார். பரம்பரை பரம்பரையாக இந்தப் பக்கத்திலேயே இருக்கிற ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, விளக்கு வைக்கும்போது வாசலில் உட்கார்ந்திருப்பார். பத்து வருஷத்தில் ஒரு சண்டை கிடையாது. மனஸ்தாபம் என்று பார்த்தால், என் மரத்துக் கிளை அவர் பக்கம் சாய்ந்து மொட்டைமாடியெல்லாம் சருகு. அதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் மனசுக்குள் வைத்திருப்பவர்கள்தானே ஆபத்தானவர்கள்?

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது. வருஷா வருஷம் பத்துப் பழம் கொடுக்கிறேன். "பழம் எப்படி சார்?" என்று கேட்டால், "அதுக்கென்ன சார்..." என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஒரு தடவையாவது இனிப்பு என்றோ புளிப்பு என்றோ சொன்னதுண்டா? இல்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு நாள் காலையில், அவர் ஸ்கூலுக்குப் போன பிறகு, அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். வாழைக்காய்த் தோல் இருந்தது, கடலைத்தொலி இருந்தது. ஒரு மாங்கொட்டை இல்லை! ஐந்தாம் நாள் எங்கள் மாடியில் ஏறி எட்டிப் பார்த்தேன். அவர் மாடி நிழலில் ஒரு மூங்கில் கூடை. மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இந்த வருஷம் நான் கொடுத்த பத்துப் பழமும் உள்ளே அழுகிக்கொண்டிருப்பது துணி வழியே தெரிந்தது.

"ஏங்க, அடுத்த வீட்டை ஏன் இப்படி வேவு பாக்கறீங்க? அசிங்கமா இருக்கு" என்றாள் என் மனைவி. நயினார் வீட்டம்மாவும் இவளும் கோலமாவு மாற்றிக்கொள்கிற சிநேகிதம். அதனால் இவள் பேச்சையும் நான் முழுசாக நம்பவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் நாலரை மணி. பாத்ரூம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நயினார் சுவரோரம் வருகிறார். கையில் ஒரு தகர டப்பா. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். சுவருக்கு மேலே கையை நீட்டி, டப்பாவைத் திறந்து, என் மாமரத்து அடிமரத்தில் வைத்துத் தட்டுகிறார். மெதுவாக, டொக் டொக் என்று!

பாதி சோப்போடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

"என்ன சார் கொட்றீங்க?"

நயினார் துளிகூடப் பதறவில்லை. "வண்டு சார். உங்களுதுதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சந்தேகப்பட்டது அப்படியே நிஜமாக இருந்தது! ஜெயித்துவிட்ட தெம்பில், "எத்தனை வருஷமா நடக்குது இது?" என்று கத்தினேன்.

"நாலு வருஷமா சார். நீங்க பழம் குடுக்க ஆரம்பிச்சதுலருந்து." அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. "மொத வருஷம் எங்க வீட்ல பழத்தை அறுக்கச்சொல்ல கத்தி பட்டு ஒரு வண்டு ரெண்டா போயிடுச்சி. அவங்க அன்னிக்கு முழுக்கப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. ஒரு உயிரு சார். அதுலருந்து இந்தப் பழத்துல கத்தி வெக்கறதில்ல. அப்படியே கூடையில வச்சிடுவோம். அதுவா வெளிய வந்ததும் டப்பாவுல புடிச்சி, பொறந்த எடத்துலயே விட்டுடறது."

"அப்ப ஒரு பழம்கூட நீங்க சாப்பிடலயா?"

"இல்லீங்க சார்."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படி சார் சொல்றது? அந்தக் கூடையத் தூக்கிட்டு வரும்போது உங்க மொகத்துல எவ்ளோ சந்தோஷம்! அதுக்கப்புறம் வாய் வருமா?"

உடம்பெல்லாம் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. நான் பத்துப் பழம் கொடுக்கிறேன். அவர் பத்து வண்டைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுக்கிறார். அவை அடுத்த வருஷம் ஊர்ப்பட்ட வண்டாகி என் மரம் முழுக்கக் குடியேறுகின்றன. நாலு வருஷமாக நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்தே என் மரத்தை நாசமாக்கியிருக்கிறோம்!

"மன்னிச்சிடுங்க சார். நான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். நாலு நாளா எங்க குப்பைத்தொட்டியக் கிளறினீங்களே. எங்க வீட்ல பாத்துட்டுச் சொன்னாங்க. ஏதோ தொலைச்சிட்டீங்க போலனு நெனச்சோம்."

அவர் என்மேல் சந்தேகப்படக்கூட இல்லை, பாருங்கள்.

நண்பர் சொன்னதை மறுநாள் அவரிடம் சொன்னேன். எரிக்க வேண்டும் என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். "இனிமே மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடறேன் சார். யாரும் பறிக்காத நாட்டு மாமரம் ஒண்ணு இருக்கு" என்றார். ஒருநாள் காலையில் சைக்கிளில் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நிஜமாகவே விட்டார். பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா என்ன?

கூடைக்கும் அவர்தான் வழி சொன்னார். வண்டைப் பற்றி நாலு வருஷம் பார்த்து வைத்திருந்தவர் அவர்தானே. "ஓட்டை இருக்கற பழத்தை நம்பலாம் சார், ஆள் காலி பண்ணிட்டுப் போயிட்டாருனு அர்த்தம். தோல் வழவழன்னு இருந்தாதான் உள்ள இருப்பாரு. ஆனா பழம் கனிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள்ல கொட்டையத் தாண்டி வர மாட்டாரு. நீங்க ஜாஸ்தி நாள் பொத்தி வச்சதுதான் தப்பு. கொட்டை மேல கத்தி படாம ரெண்டு பக்கக் கதுப்ப மட்டும் சீவி எடுத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. எங்களுக்குத்தான் மறுபடி கத்தி எடுக்க மனசு வரல."

ஆடி கடைசியில் துறட்டி வலையில் ஒவ்வொரு காயாக வாங்கி, காம்பைக் கிள்ளி, பால் வடியக் கவிழ்த்து வைத்து, இருபது காயைக் கூடையில் அடுக்கினோம். அறுக்கிற வித்தையை வசந்தி நயினார் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். "அங்க நானே அறுக்கறேம்பா. கொட்டையெல்லாம் நேரா அடுப்புக்குப் போயிடும்" என்றாள். இதை நயினார் காதில் விழாதபடி சொன்னாள். ஆரணி பஸ் கிளம்பும்போது அவள் கூடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நேற்றுத்தான் சம்பந்தியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கடிதமா? போஸ்ட் கார்டு! போஸ்ட்மேன் படித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

"வசந்தி சௌக்கியம். மாம்பழம் தேன் மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தோம், எல்லோரும் வசந்தியைப் பாராட்டினார்கள். இருபது பழத்தில் ஒன்றில்கூட வண்டு இல்லை. மறைக்காமல் எழுதவும். எந்தக் கடையில் வாங்கினீர்கள்?"

அடுத்த வருஷம் நயினாரிடம் சொல்லி, டப்பாவிலிருந்து ஒரே ஒரு வண்டை அத்தாட்சிக்குக் கூடையில் போட்டு அனுப்ப வேண்டியதுதான்.