பின் சீட்டு இல்லாத கார்

நான் அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று மாமியார் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பின் சீட்டு எங்கம்மா?" என்று கேட்டார். இல்லை, இரண்டு பேர்தான் உட்காரலாம் என்றேன். கூரை துணியால் ஆனது, வேண்டும்போது மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம் என்றும் பெருமையாகச் சொன்னேன். உள்ளே போனவர் என் கணவரிடம், "காசு குடுத்து வெயில வாங்கிட்டு வந்திருக்கா ஒம் பொண்டாட்டி" என்றது வாசல் வரை கேட்டது.

எங்களுக்குப் பிரியாணி மசாலா அரைத்து ஓட்டல்களுக்குப் போடும் தொழில். கல்யாணமான புதிதில் வேன் டிரைவர் திடீரென்று நின்றுவிட, லைசென்ஸ் இருந்த நான் சாவியை வாங்கிக்கொண்டேன். அப்புறம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. வத்தலக்குண்டு, எரியோடு, வேடசந்தூர் என்று மசாலா டின்களை ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் சுற்றினேன். முக்காடு போட்ட பொம்பளை லோடு வேன் ஓட்டுவதை முதலில் நின்று பார்த்த ஊர், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டது.

காரைப் பார்த்தது கோயம்புத்தூரில். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர் ஒருவர் கொண்டுவந்து, வயதான பிறகு ஷெட்டில் போட்டு வைத்திருந்தார். சிவப்பு நிறம், தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஓட்டிப் பாருங்கள் என்றார். அவர் தெரு முனையில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினேன். வண்டி என் இடுப்போடு சேர்ந்து திரும்பியது. வேனில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். இது நான் நினைத்ததைக் கேட்டுக்கொண்டது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் இப்படி ஒரு வண்டியோடு வாழ்வது லேசான காரியமில்லை. ஒவ்வொரு வேகத்தடையையும் கோணலாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். அறுப்புக் காலத்தில் எரியோட்டுப் பக்கம் போனால் பாதி ரோட்டில் சோளம் காயும். லாரிக்காரன் அதன்மேல் ஏறிப் போய்விடுவான். எனக்கு அடியில் தட்டும் என்பதால் இறங்கிப் போய், காய வைத்தவர்களிடம் செத்த நேரம் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவேன். பெட்ரோல் பங்கில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, மைலேஜ் எம்புட்டு என்று. உண்மையைச் சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூரையை மடக்கிவிட்டு வத்தலக்குண்டு ரோட்டில் போகும்போது, தென்னந்தோப்புக் காற்று இரண்டு பக்கமும் அடிக்க, மூன்றாவது கியரில் அந்த என்ஜின் குரல் மாறும். அதற்காக எத்தனை வேகத்தடையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

வேடசந்தூர் பக்கம் மூடிக் கிடந்த ஒரு மில்லின் லாரி மைதானத்தில் கார் போட்டி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்தேன். தார் போட்ட மைதானத்தில் ரப்பர் கூம்புகளையும் டிரம்களையும் வைத்து வழி அமைத்திருப்பார்கள். ஒவ்வொருவராகச் சுற்றி வர வேண்டும். இரண்டு வாய்ப்பு. அதில் குறைந்த நேரம் எதுவோ அதுதான் கணக்கு. கூம்பில் இடித்தால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். வற்றிக் கிடந்த குளத்தில் பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வைத்துப் பழகினேன். என் கணவர் போனில் நேரம் பார்ப்பார். நசுங்கிய வாளிகளைப் பற்றி அவர் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போட்டியன்று கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வண்டிகள் வந்திருந்தன. எல்லாம் புதியவை. ஓட்ட வந்தவர்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டும் கையுறையுமாக நின்றார்கள். நடத்துகிறவர் கொங்குப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். பெண்கள் பிரிவில் நான் ஒருத்திதான் என்று சொல்லிவிட்டு, "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மேடம். கப்பு எப்படியும் உங்களுக்குத்தானுங்க" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"எதிர்ல ஆளே இல்லாம வாங்குற கப்ப வச்சு நான் என்ன செய்ய? என்னையப் பொதுப்பிரிவுல போடுங்க" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் என் பெயரைப் பொதுப்பிரிவுக்கு மாற்றி எழுதினார்கள்.

முதல் சுற்றில் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். கொடி இறங்கியதும் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தேன். டயர் கத்தியது, கூட்டமும் கத்தியது. அந்தச் சத்தத்தில் எனக்கே நான் பறப்பதுபோல் இருந்தது. முதல் வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய் ஒரு கூம்பைத் தூக்கி எறிந்தது. அடுத்ததில் இன்னொன்று. முடித்து வெளியே வந்தபோது, பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தேன். வண்டி நிழலில் யாரோ, மேடம் பெண்கள் பிரிவிலேயே இருந்திருக்கலாம் என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. என் கணவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார். கார்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பல வருஷம் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்.

"அவய்ங்கள மாதிரி ஓட்டாத. டின்னு ஏத்திக்கிட்டு வளைப்பேல்ல, அப்படி வளை. ஒண்ணும் உருளக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். நான் குடித்து முடித்ததும் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது முறை கொடி இறங்கியபோது எனக்குக் கூட்டத்தின் சத்தமே கேட்கவில்லை. வளைவுக்கு முன்பே பிரேக்கைத் தொட்டு, முன்பக்கம் தாழ்ந்ததும் விட்டு, ஸ்டியரிங்கை ஒரே வீச்சில் திருப்பினேன். டயர் முனகியதே தவிரக் கத்தவில்லை. கூம்பு வரிசைக்குள் வண்டி இடதும் வலதுமாகத் துணி தைப்பதுபோல் போனது. கடைசி டிரம்மைச் சுற்றும்போது பின்பக்கம் கொஞ்சம் நழுவியது. நழுவட்டும் என்று விட்டேன். அது நழுவி முடித்த இடத்தில் முடிவுக்கோடு நேர் எதிரே இருந்தது. அப்போதுதான் முழுசாக மிதித்தேன்.

மெதுவாகத்தான் வந்திருப்பேன் என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்தது எனக்கு. மைக்கில் என் நேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தி, மறுபடி ஒருமுறை சொன்னார்கள். கூம்பு ஒன்றும் சாயவில்லை. பட்டியலில் முதலிடம். எனக்குப் பின் இன்னும் பல வண்டிகள் ஓடின. ஒவ்வொரு நேரத்தையும் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வண்டியும் ஓடி முடித்து, அதன் நேரத்தையும் சொன்ன பிறகு, என் கணவர் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

நடத்துகிறவர் கப்பை என் கையில் கொடுக்கும்போது, "பொதுப்பிரிவு கப்புங்க மேடம்" என்று அழுத்திச் சொன்னார். முகத்தில் உண்மையான சந்தோஷம். கோவைப் பையன்கள் வந்து காரைச் சுற்றி நின்று, கடைசி டிரம்மில் எந்தக் கியர் என்று கேட்டார்கள். இரண்டாவது என்றேன். எனக்கு அது இன்றுவரை இனிக்கிற கேள்வி.

திரும்பும் வழியில் ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினோம். கப்பு என் கணவரின் மடியில் இருந்தது. டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஜெயிச்சிட்டு வாரீகளா பாய்?" என்று அவரைக் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்களும் அவரையே பார்த்தார்கள்.

"நான் ஓட்டலண்ணே. அவதான் ஓட்டுனா" என்றார் என் கணவர். பிறகு அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "வந்த அம்புட்டுப் பேரையும் ஜெயிச்சிட்டா" என்று சேர்த்துக்கொண்டார்.

பெஞ்சில் ஒரு பெரியவர் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மாஸ்டர் முதல் டம்ளரை ஆற்றி என்னிடம் நீட்டினார். நான் உட்கார்ந்து, அவசரப்படாமல், சூடு ஆறும் வரை மெதுவாகக் குடித்தேன்.