அழிக்காத யார்டு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கணினிப் பிரிவுக்கு நான் தலைவராக இருந்தேன். கன்டெய்னர் என்பது எங்கள் எழுத்தில் மட்டும்தான்; அங்கே எல்லோருக்கும் அது பொட்டி. அடியில் உள்ள பொட்டியை எடுக்க, மேலே இருப்பவற்றை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். ஆகவே கிரேன் ஓட்டுநர் எதையும் தூக்குமுன் எங்கள் திரையில் இரண்டு மூன்று விதமாக ஒத்திகை பார்ப்பார்.

என் நிரல் அரே என்னும் கட்ட வரிசையில் அமைந்தது. யார்டின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். பொட்டி நகர்ந்தால் பழைய கட்டத்தை அழித்துப் புதியதில் எழுதும். வேகத்துக்குக் குறைவில்லை. ஒத்திகையைக் கைவிட்டால் மட்டும், ஒவ்வொரு படியாகப் பின்வாங்க வேண்டும்.

ராயபுரத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் புதிதாகச் சேர்ந்தார். எழுதியதை அழிக்கவே கூடாது என்பது அவர் பயின்ற ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் நெறி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினிக்குள் ஒரு புதிய யார்டு பிறக்கும். பழையது அப்படியே இருக்கும். ஒத்திகை பிடிக்கவில்லையா, பழையதைக் காட்டினால் போதும். மேலாளர் அதில் மயங்கி, திங்களன்று இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார். தலைவர் எழுதியது குப்பைக்குப் போனால், அதே நாற்காலியில் எந்த முகத்துடன் அமர்வது?

திங்களன்று என் நிரல் பறந்தது. ஆனால் ஒத்திகையைக் கைவிட்டதும், பின்வாங்குகையில் ஒரு படி தவறி, இரண்டு பொட்டிகளை ஒரே இடத்தில் காட்டியது. அவருடையது தவறவில்லை, நகரவும் இல்லை. கிரேன் ஓட்டுநர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம், ஒரு பொட்டிய நகத்தச் சொன்னா எண்ணூர் வரைக்கும் தூக்கினு போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவருடைய நிரலை வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது என் அரே. அழித்தெழுதுபவனுக்கு அது பொருந்தும். அழிக்காதவருக்கோ ஒரு பொட்டிக்காக முழு யார்டையும் நகலெடுக்க நேரும்.

"ஏம்மா, உங்க முறைக்கு என் அரே எதுக்கு?"

"நீங்க போட்ட அமைப்ப மாத்துனா கோச்சிக்குவீங்கன்னுதான் சார்."

மாற்றுங்கள் என்று சொல்லி, வேறோர் அமைப்பை வரைந்து காட்டினேன். ஒவ்வோர் அடுக்கையும் ஒரு தொடர் பட்டியலாக்கினோம். மேலிருக்கும் பொட்டியே அதன் தலை. அதை எடுத்தாலும் வைத்தாலும் கீழுள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. பழைய யார்டும் புதிய யார்டும் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். அடுக்குகளை, கணினியில் மரம் எனப்படும் கிளை அமைப்பில் தொங்கவிட்டோம். பொட்டி நகர்ந்த கிளைகள் மட்டுமே புதிதாயின.

மாலையில் ஓட்டுநர் மீண்டும் ஒத்திகை பார்த்தார். இரண்டைக் கைவிட்டு மூன்றாவதை ஏற்றார்.

"டீ ஆறல சார். இத்தயே வச்சிக்கலாம்."

நிரல் அவருடையது, புதிய அமைப்பு என்னுடையது என்று மேலாளரிடம் முறைப்படி தெரிவித்தேன். என் அரேயும் வீணாகவில்லை. எந்த வாயிலில் இப்போது எந்த லாரி நிற்கிறது என்று காட்டும் பணிக்கு அதைக் கொடுத்தேன். அங்கே ஒத்திகைக்கு இடமில்லை. நான் ஓய்வுபெறும் வரை அது அங்கேயே ஓடியது; நானும் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.