கிராவல் குழியில் பலாக்கன்று

எங்கள் நிலத்தில் பாதி இப்போது குழி. கறம்பக்குடி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சிவப்பாகத் தெரியும். அப்பா இருந்த காலத்தில், ரோடு போட கிராவல் வேண்டும் என்று வந்தவர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குழியில் பலாத்தோப்பு போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இருபது ஒட்டுக்கன்றுகளை வாங்கிவந்து, குளிக்கிற தண்ணீர் ஓடும் ஈரத்தில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள்.

நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இதைக் கேட்டுக் கேட்டு என் தோழிகளுக்கு அலுத்துவிட்டது, எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மண்ணைப் பரிசோதிக்காமல் ஒரு கன்றுகூட நடக்கூடாது, சனிக்கிழமை வருகிறேன் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பலா ஆழமாக வேர் விடும் மரம். இடம் தப்பாக இருந்தால் உடனே காட்டிக்கொடுக்காது. நாலைந்து வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் பட்டுப்போகும். அந்தக் குடங்களைச் சுமக்கப்போவது அம்மா.

சனிக்கிழமை போனேன். மத்தியான பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அம்மா காட்டிய ஐந்து இடங்களில் அரையடிதான் வெட்டினேன். மண் கொஞ்சம் கறுத்து, பொலபொலவென்று இருந்தது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டு, பையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முடிவைப் பார்த்த எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டார். வெட்டி எடுத்த குழியில் மக்கின சத்து ஏறக்குறைய இருக்கவே இருக்காது. என் மண்ணில் காய்கறித் தோட்டத்தையே தோற்கடிக்கும் அளவுக்கு இருந்தது.

“ஏம்மா, இது குழி மண்ணா, ஒங்க வீட்டுக் குப்பைமேடா?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் மறைக்கவே இல்லை.

“மண்ணுக்குப் பரீட்சைன்னு நீதானடி சொன்ன? ஒனக்குப் பரீட்சைன்னா முட்டை அவிச்சுக் குடுத்து அனுப்பல? அதுக்கும் நாலு கூடை எரு போட்டுக் கொத்திவிட்டேன். அது ஒரு குத்தமா?”

அவள் எரு போட்டது ஒரு தப்பு என்றால், மரத்துக்கு மண் பார்க்க மூன்றடி தோண்ட வேண்டும் என்று படித்த நான் அரையடியோடு வந்தது அதைவிடப் பெரிய தப்பு.

அடுத்த ஞாயிறு கடப்பாரையோடு இறங்கினோம். நூறுநாள் வேலையில் பழகிய கை அம்மாவுக்கு. நான் ஒரு குழி தோண்டுவதற்குள் அவள் இரண்டு தோண்டினாள். குழியின் நடுவில் ஒரு சாண் போனதும் கடப்பாரை ‘ணங்’ என்றது. கீழே செம்புறாங்கல், ஒரே பாளமாக. அதில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோதும் தண்ணீர் அப்படியே நின்றது. மேற்கே சரளை உதிரியாக இருந்தது. கடப்பாரை இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் இறங்கியது, பலாவுக்கு அந்த ஆழம் போதாது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளித் தோண்டிக்கொண்டே போனாள்.

“இங்கிட்டு ஒருக்கா பாப்பமே.”

பார்த்தோம். இல்லை. இன்னும் அங்கிட்டு என்றாள். அங்கும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கிழக்கு ஓரத்தில் மட்டும் கதை வேறு. கிராவல் வெட்டும்போது மேல்மண்ணை வழித்து அங்கேதான் ஒதுக்கியிருந்தார்கள். கடப்பாரை இடுப்பளவு சத்தமில்லாமல் இறங்கியது. நான் அடியடியாக நடந்து அளந்தேன். ஏழு கன்றுக்கு இடம்.

“ஏழுதானா?”

“ஏழுதாம்மா. மேக்கால முந்திரி வரும். நடுவுல ஒண்ணும் வராது, மழைக்குத் தண்ணி நின்னா ஆட்டுக்கு ஆகும்.”

அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழி முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். கன்று வாங்கியபோது தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள், தோப்பு வரப்போகிறது என்று. இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்பாள் என நினைத்தேன். அவளோ ஏழு கன்றை எடுத்துவரச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தோம்.

மிச்சம் பதின்மூன்றையும் அன்னக்கூடையில் அடுக்கிக்கொண்டு அவளே வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினாள். நான் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். நாலாவது வீட்டில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

“எங்க குழிக்கு ஏழுதான் தாங்குமாம். பூமிக்குள்ள என்ன இருக்குன்னு எம் மக பாத்துச் சொல்லிருச்சு. ஒங்க எடத்தையும் கேட்டுட்டு நடு, சும்மா நட்டுப்புடாத.”