தண்டவாளத்துக்கு ஒரு பூசணிக்காய்

மைசூருவில் ரயில்வே பணிமனை வேலையில் எனக்குக் கிடைத்த முதல் தனிப் பொறுப்பு ஒரு பழைய டீசல் இன்ஜின். பல வருடம் பயணிகளையும் சரக்கையும் இழுத்து ஓய்ந்தது. இனி அதற்கு இரண்டே வழிகள். ஒன்று, பழைய இரும்பாக வெட்டப்படுவது. இரண்டு, துறைப் பணி: டிக்கெட் வாங்கிய யாரையும் ஏற்றாமல், ரயில்வேயின் சொந்த வேலைக்கு ஜல்லி வேகன்களை இழுப்பது. துறைப் பணிக்குத் தேற வேண்டுமானால், ஜல்லி நிரம்பிய பத்து வேகன்களை ஏற்றப் பாதையில், நின்ற இடத்திலிருந்து இழுத்துக் காட்ட வேண்டும்.

இரண்டு மாதம் அதனோடு கிடந்தேன். நாற்பத்தொரு வரிகளில் ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் என் வயதுப் பெண், எல்லையோர ராமாபுரத்துக்காரி. என் பட்டியலுக்கு அவள் வைத்த பெயர் ஜாதகம்.

"ஜாதகம் பாத்தாச்சுங்களா மேடம்? பொண்ணக் கட்டிக் குடுத்தர்லாமுங்களா?"

"இன்னும் ஏழு பொருத்தம் பாக்கணும்."

சோதனை, ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாளில் வந்து விழுந்தது. அன்று காலையில்தான் பணிமனையில் பூஜை. லேத்திலிருந்து ஸ்பேனர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தேவராஜ மொஹல்லாவிலிருந்து சாமந்தி மூட்டைகளும் பூசணிக்காய்களும் ஆட்டோவில் வந்து இறங்கின. மற்ற இன்ஜின்களுக்கு ஒரு பூசணிக்காய், எங்களுடையதற்கு மட்டும் இரண்டு. அது ஃபிட்டரின் யோசனை.

"அதுக்கு இன்னிக்குப் பரிச்சைங்க. ரெண்டு தண்டவாளம் இருக்குது. ஒண்ணுல மட்டும் உடைச்சா இன்னொண்ணு கோவிச்சுக்கும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒன்றை அவள் உடைத்தாள், மற்றதை நான் உடைத்தேன். குங்குமம் கலந்த சதை இரு தண்டவாளங்களிலும் சிதறியது. டிரைவர் அதன்மேல் இன்ஜினை மெல்ல உருட்டிக்கொண்டு போய் வேகன்களோடு சேர்த்தார்.

பதினொரு மணிக்கு, தூறலில், ஆய்வாளர் குடையோடு வந்தார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பேச்சில் பாதி கன்னடம். கை காட்டினார். இன்ஜின் உறுமியது, சக்கரங்கள் சுழன்றன, வேகன்கள் அசையவில்லை. மறுபடியும் அதே. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மேடம், ஊன்ற மாட்டேங்குது. கால் வழுக்குது."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "ஆய்து மேடம், முடிஞ்சுது. வயசாயிடுச்சு அல்வா, இல்லையா? அப்படியே எழுதிடறேன்."

ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டேன். பத்து வேகன்களையும் நடந்து பார்த்தேன், எதிலும் பிரேக் பிடித்திருக்கவில்லை. வலு இல்லாத இன்ஜின் சக்கரத்தை இப்படிச் சுழற்றாது. வலு இருக்கிறது, பிடிப்புதான் இல்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். சிவந்த கூழும் பூசணி விதைகளும் ஒட்டியிருந்தன.

வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவ இன்ஜினிலேயே ஒரு பெட்டி உண்டு. அதைத் திறந்தேன். மூடி வழியே மழை இறங்கி, மணல் களியாகக் கெட்டித்திருந்தது. என் பட்டியலின் இருபத்தொன்பதாம் வரி: "மணல் பெட்டி, நிரம்பியுள்ளது." காய்ந்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

ஃபிட்டர் எட்டிப் பார்த்தாள். "கண்ணு படக்கூடாதுன்னு உடைச்சோம். நம்ம கண்ணே பட்டிருச்சுங்க."

ஆய்வாளரிடம் சொன்னேன். அவரும் குனிந்து பார்த்தார்.

"ரிப்போர்ட்ல காரணம்னு என்ன எழுதறது?"

"பூசணிக்காய்னு எழுதுங்க சார். உடைச்சதுல ஒருத்தி நான்."

குடை குலுங்கியது. சிரிக்கிறார் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. "இன்னொரு தடவை. ஒரே தடவை."

பன்னிரண்டு சக்கரங்களையும் துணியால் துடைத்தோம். காய்ந்த மணலுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும்போதே ஃபிட்டர் ஓடிவிட்டாள். கொட்டகைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய, காய்ந்த மணல் நிரம்பிய சிவப்புத் தீயணைப்பு வாளிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு இரண்டு, பிறகு மேலும் இரண்டு. கோலப்பொடி போடுவதுபோல இருவரும் ஆளுக்கொரு தண்டவாளத்தில் மணலை இழுத்துக்கொண்டே போனோம்.

டிரைவர் மெதுவாக விசை கொடுத்தார். சக்கரத்தடியில் மணல் நொறுங்கும் சத்தம் கேட்டது. இணைப்புகள் ஒவ்வொன்றாக விறைத்தன: முதல் வேகன், இரண்டாவது, மூன்றாவது. பத்தாவதும் அசைந்தபோது நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சாமந்தி மாலை ஆட ஆட, இன்ஜின் ஏற்றத்தில் நிதானமாக ஏறியது. ஃபிட்டர் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகுதான் மேடம் என்பது நினைவுக்கு வந்து, அடித்த இடத்தைத் தடவிவிட்டாள்.

ஆய்வாளர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். இழுவை: தேர்ச்சி. துறைப் பணிக்கு ஏற்றது. குறை: தீயணைப்பு வாளிகள் ஆறும் காலி, இன்றே நிரப்பவும்.

மதியம் எல்லோரும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பினார்கள். நாங்கள் இருவரும் மணல் சலித்து வாளிகளில் நிரப்பிக்கொண்டிருந்தோம், இந்த முறை காய்ந்த மணலா என்று ஒவ்வொரு வாளியிலும் கைவிட்டுப் பார்த்து.