முந்தி காட்டாத பாட்டு

வலது கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் வளர விடுவது என் பழைய பழக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்கு மானேஜராக இருந்தபோது தொற்றியது. படச்சுருளின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுருளை ஓடவிட்டால், வெட்டி ஒட்டிய இடத்தில் சுருக்கென்று தட்டும். "கண்ணு ஏமாந்துடும் சார், நகம் ஏமாறாது" என்பார் எங்கள் ஆபரேட்டர். அவருக்கும் என் வயதுதான். நெசவுக் குடும்பம், அண்ணன் தறியில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் புரொஜெக்டரிடம் வந்து சேர்ந்தவர்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. டிக்கெட் கிழிப்பவரையும் நம்பமாட்டேன், முறுக்கு விற்பவரையும் நம்பமாட்டேன். ஆபரேட்டரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நம்பவில்லை. நல்ல பாட்டு வந்தால் ரீலில் ஒரு சாண் நறுக்கி வைத்துக்கொள்ளும் ஆபரேட்டர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கலர் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு. நீலப் பட்டில் கதாநாயகி பாடிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றுவாள். சேலையின் முந்தி விரியப்போகும். மிருதங்கத்தில் ஒரு தட்டு. அதே சுற்றில், அதே கைவீச்சில், மாம்பழ மஞ்சளில் வந்து நிற்பாள். அடுத்த சுற்றில் பச்சை. வேறு ஊர்களில் இதற்கு விசில் பறந்ததாம். எங்கள் ஊரிலோ பார்க்க வந்தவர்களில் பாதிக்கு மேல் நெசவாளிகள். அவர்கள் அவள் முகத்தையா பார்த்தார்கள்? கரையைப் பார்த்தார்கள், முந்திக்காகக் காத்திருந்தார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், முந்தி ஒரு நிறம் என்றால் இரண்டும் சேரும் இடம் தெரிந்தாக வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் கணக்கு. சேர்ந்த இடமே தெரியாமல் நீலம் மஞ்சளானால், நடுவில் எதையோ எடுத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

மேட்னியிலேயே கூச்சல் கிளம்பியது. "ஆபரேட்டரு முந்தியை வெட்டிட்டான்பா! அவங்க அண்ணனுக்கு டிசைன் குடுக்க எடுத்துக்கினான்!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மறுநாள் காலை, ஆபரேட்டர் வருவதற்கு முன்பே அவர் அலமாரியைக் குடைந்தேன். கிடைத்தது ஒரு சீப்பும் துடைக்கும் துணியும். பிறகு பாட்டு ரீலை எடுத்து நகத்தை வைத்தேன். நீலம் மஞ்சளாகும் இடம் நகத்தடியில் வழவழவென்று போனது. மூன்று முறை பார்த்தேன். ஒட்டே இல்லை. வெட்டியதும் சேர்த்ததும் படம் எடுத்தவர்கள்தான். எங்களுக்கு வந்தது அதன் பிரதி.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் தேடிக்கினு இருக்கீங்க? நடுவுல ஒண்ணும் இல்ல சார். நகத்தைக் கேட்டுப் பாருங்க." மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், அவர் முகத்தில் பயமே இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. நகத்துக்கும் தெரியாமல் ஒட்டத் தெரிந்தவனோ?

வெளியே இருபது பேர் திரண்டிருந்தார்கள். முதலாளி என்னைத் தனியே அழைத்து, "ரீலைப் பாத்தியாப்பா? வெட்டு இருக்குதா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நீயும் கூட்டா என்று கேட்பார்களே என்று பயந்தேன். "சரியாத் தெரியலைங்க. எதுக்கும் ஆளை மாத்திடலாம்" என்றேன்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். புது ஆபரேட்டர் ஓட்டியபோதும் நீலம் அப்படியேதான் மஞ்சளானது. "அவன் வெட்டினது வெட்டினதுதான், இனி எங்க வரப்போவுது" என்று ஜனங்கள் அடங்கிவிட்டார்கள். அவர் தாமல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். நான் போகவில்லை.

போன வாரம் பேத்தி தன் செல்போனில் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சுற்றில் நிறுத்தச் சொன்னேன். நீலம். ஒரு துளி நகர்த்தினாள். மஞ்சள். நடுவில் ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவை" என்றேன். "எத்தினி தடவை தாத்தா? கண்ணாடிய ஏன் கீறிக்கினு இருக்கீங்க?" என்று பேத்தி கேட்ட பிறகுதான் பார்த்தேன். கட்டைவிரல் நகம் தானாகப் போய்ச் செல்போன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் வெட்டியிருக்க வேண்டும் என்று இன்னமும் எனக்கு ஆசை.